இரண்டு பக்கமும் படிப்பித்த வாத்தியார்

"சேர், இது ஏன் இப்பிடி?" என்று கேட்டால், "அது சோதினைக்கு வராது, கொப்பியைப் பார்" என்ற பதிலோடு வளர்ந்த ஆக்கள் நாங்கள். அதனாலேயே டெரோசியோவைப் பற்றி வாசிக்கேக்க கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

ஹென்றி டெரோசியோ 1809இல் கல்கத்தாவில் பிறந்தவர். எங்கட பறங்கியர் மாதிரி, போர்த்துக்கேய வழி வந்த கலப்புக் குடும்பம். 1826இல் இந்துக் கல்லூரியில் (யாழ்ப்பாணத்து இந்து இல்லை, இது கல்கத்தாவில் 1817இல் தொடங்கியது) இலக்கியமும் வரலாறும் படிப்பிக்கச் சேர்ந்தபோது அவருக்கு வயது 17. மாணவர்களும் கிட்டத்தட்ட அதே வயதுப் பொடியள்தான். வகுப்பு முடிந்தாலும் கதை முடியாது. 1828இல் ஒரு விவாதக் கழகம் உருவானது. விதி, சாதி, விக்கிரக வழிபாடு, கடவுள் உண்டா இல்லையா என்று எல்லாமே அங்கே விவாதத்துக்கு வந்தன.

பெற்றோர் பயந்துபோனார்கள். 1831 ஏப்ரலில் நிர்வாகக் குழு கூடி அவரை நீக்க முடிவெடுத்தது. குழுவிலிருந்த வெள்ளைக்காரர்களான வில்சனும் டேவிட் ஹேரும், இது இந்துக்களின் உணர்வு சம்பந்தப்பட்டது என்று வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். டெரோசியோவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. விலகல் கடிதத்தில் அவர் எழுதிய முறைப்பாடும் அதுதான்.

பிறகுதான் வில்சன் தனிப்பட்ட முறையில் விளக்கம் கேட்டு எழுதினார். கடவுளை நம்புகிறீரா? பெற்றோருக்குக் கீழ்ப்படியத் தேவையில்லை என்றீரா? சகோதரங்கள் கலியாணம் செய்யலாம் என்றீரா? கடைசி இரண்டையும் டெரோசியோ அடியோடு மறுத்தார். முதலாவதுக்கு அவர் சொன்ன பதில்தான் எங்களைப் பிடித்து நிறுத்தியது. கடவுள் பற்றி ஹியூம் எழுப்பிய சந்தேகங்களைப் படிப்பித்தது உண்மை, ஆனால் ஹியூமுக்கு ரீடும் ஸ்டூவர்ட்டும் கொடுத்த மறுப்பையும் சேர்த்தே படிப்பித்தேன் என்றார். அவரை வெளியே போட்டவர்கள் மற்றப் பக்கத்தைக் கேட்கவே இல்லை.

எல்லாம் அழகாக முடியவில்லை. அதே வருடம் ஓகஸ்டில் சில மாணவர்கள் கிருஷ்ண மோகன் பானர்ஜியின் வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிட்டு, மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குள் எறிந்தார்கள். கிருஷ்ண மோகன் அப்போது வீட்டிலேயே இல்லை, ஆனால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டது அவர்தான். கேள்வி கேட்கிறது வேற, அயலட்டையை நோகடிக்கிறது வேற. டிசம்பரில் வாந்திபேதி டெரோசியோவைக் கொண்டுபோனது. அப்போது வயது 22.

அந்தப் பொடியள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் இல்லை. கிருஷ்ண மோகன் கிறிஸ்தவ போதகரானார். பியாரி சந்த் மித்ரா பேச்சு வங்காளத்தில் நாவல் எழுதினார். ராதாநாத் சிக்தர் நில அளவைத் திணைக்களத்தில் சேர்ந்து, பின்னர் எவரெஸ்ட் என்று பெயர் வைக்கப்பட்ட சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டார்.