பழவேற்காட்டுப் பாடும் சான்று காக்கும் மரபும்

தமிழகமும் ஆந்திரமும் தம்முள் பகிர்ந்துகொள்ளும் பழவேற்காட்டு ஏரியின் கரையில், மீனவர் ஊர்கள் சிலவற்றில், மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துத் துய்க்கும் வழக்கம் ‘பாடு’ எனப்படுகிறது. நீர்ப்பரப்பில் வரப்பில்லை, எல்லைக்கல்லும் இல்லை. ஆதலின் இவ்வுரிமை வழக்குமன்றம் ஏறுங்கால் எதனைச் சான்றாகக் காட்டுவது என்னும் வினா எழுகின்றது.

விடையின் அடிப்படையைச் சேக்கிழாரிடம் காணலாம். பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தில், திருவெண்ணெய்நல்லூர் வழக்கில், ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி எனச் சான்று மூவகைப்படுகிறது. பாட்டுரிமைக்கு நெடுநாள் துய்த்துவரும் ஆட்சியே முதன்மை. அயலூரார் காட்சி அதற்குத் துணை. ஆவணம் உளதாயின் இரண்டிற்கும் அரண்.

ஆயினும் சான்று இருத்தல் மட்டும் போதாது. அது காக்கப்படுதலும் வேண்டும். முதியவர் கொணர்ந்த ஓலையை நம்பியாரூரர் கிழித்துவிட, அது படியோலையே என்றும், மூலவோலை தம்மிடம் உளது என்றும் முதியவர் கூறுகிறார். அதற்குத் தீங்கு நேராது என அவையத்தார் உறுதி தந்த பின்னரே அதனை வெளிப்படுத்துகிறார். பாட்டனாரின் கையெழுத்து, காப்பிலிருந்து வருவித்த வேறோர் ஓலையோடு ஒப்பிடப்படுகிறது. அகநானூற்று 77ஆம் பாட்டிலோ, குடத்துக் கட்டின் மேலுள்ள பொறியை நோக்கிய பின்னரே அதனை நீக்கி ஓலை எடுக்கும் ஆவண மாக்கள் உவமையாக வருகின்றனர்.

1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டமும் இந்நெறியையே தழுவியது. வழக்காற்றை அது சான்றாக ஏற்றது. முப்பதாண்டு கடந்த ஆவணம் உரிய காவலிலிருந்து வெளிப்படின் அதனை மெய்யெனக் கொள்ளவும் இடந்தந்தது. 2024 சூலை 1 முதல் அதனிடத்தில் பாரதிய சாட்சிய அதிநியமம் நடைமுறையில் உள்ளது. அந்நாளிலேயே நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையையும் பொருள் கைப்பற்றுதலையும் ஒலி ஒளிப் பதிவு செய்யப் பணிக்கின்றது.

ஏரிக்கரைப் பூசலொன்றில் காவலர் வலையைக் கைப்பற்றுவதாகக் கொள்வோம். ஈரத்தோடு பொதிந்தால் தடயம் கெடும். உடனிருந்த மீனோ ஒரே நாளில் அழுகும். ஆதலின் அவ்விடத்தேயே அளந்தெழுதி, படமெடுத்து, சாட்சியர் ஒப்பம் பெற்று, உலர்த்திக் கட்டிப் பொறியிட்டு, கைமாறுந்தோறும் பெயரும் நேரமும் குறித்தல் வேண்டும். இடையில் ஒரு கை குறிக்கப்படாது விடுபடினும் மெய்ப்பொருள் ஐயத்திற்கு இடமாகும்.

ஏட்டில் ஏறாத உரிமையைத் துய்ப்பார்க்கு அவ்வையத்தால் நேரும் இழப்பு பெரிது. அவர்தம் பிழைப்பே அதனால் கெடலாம். சான்றின் வலிமை பொருளில் மட்டுமன்று, அதனைக் காத்த கைகளிலும் உள்ளது என்பது இதனாற் பெறப்படும்.