ஜாடிக்குள்ளே கிண்ணம்

போன மாசம் வீடு மாத்தினோம். பாத்திரம் கட்டுற வேலை எனக்கு. இன்ஜினியர் ஆச்சே! பழைய பேப்பர், கிழிஞ்ச சேலைன்னு சுத்திச் சுத்தி வெச்சேன். புது வீட்ல பிரிச்சா, பாட்டியோட ஊறுகாய் ஜாடி ரெண்டு துண்டு.

அப்பத்தான் பெலிதுங் கப்பல் ஞாபகம் வந்தது. 9-ஆம் நூற்றாண்டில் சீனச் சரக்கோடு கிளம்பிய அரபுப் பாணிக் கப்பல். ஆணி கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்திருந்தார்கள். இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே மூழ்கியது, 1998-ல் கண்டுபிடித்தார்கள். உள்ளே சுமார் 60,000 பொருட்கள், பெரும்பாலும் சாங்ஷா சூளைக் கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் கி.பி. 826-ஆம் ஆண்டைக் குறிக்கும் தேதிகூட இருக்கிறது.

மேட்டரே பேக்கிங்தான். பெரிய பெரிய ஜாடிகளுக்குள் கிண்ணங்களைச் சுருள் சுருளாக அடுக்கியிருந்தார்கள். ஒரு ஜாடிக்குள் நூற்றுக்கும் மேல்! நெருக்கமாக இருந்தால் ஒன்றோடொன்று மோத இடமில்லை. வெளியிலிருந்து வரும் அடியை ஜாடி வாங்கிக்கொள்ளும். கப்பலே போனது, 1,100 வருஷத்துக்கு மேல் கடலடியில் கிடந்தும் ஏராளமான கிண்ணங்கள் முழுசாக வந்தன. இப்போது சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அடுக்கினவர் பேர் மிஞ்சவில்லை, அவர் கைவேலை மிஞ்சியது.

நான் பண்ணின தப்பு இப்பப் புரியுது. பெட்டியில இடைவெளி விட்டுட்டேன். லாரி ஆட ஆட ஜாடியும் ஆடியிருக்கு.

அம்மா ஒண்ணும் சொல்லலை. ரெண்டு துண்டையும் துணியில சுத்தி, ஒரு டப்பாவுல வெச்சு, பரண்ல ஏத்திட்டாங்க. இந்தத் தடவை ஆடாம.