"நாய்க்குத்தானே, போடு!" – ஒரு நாய் உணவு மூட்டைக்குப் பின்னால் இருக்கும் வரலாறு

1/
போன ஞாயிறு காலை நொச்சிக்குப்பம் லூப் ரோடு மீன் மார்க்கெட்டுக்குச் சங்கரா வாங்கப் போயிருந்தேன். வழக்கமாக மீன் வாங்கும் அக்கா, தராசில் மீனை வைத்துக்கொண்டே மகளின் போனை என் பக்கம் நீட்டினார்.

"சார், இத்த கொஞ்சம் படிச்சு சொல்லு சார். நம்ம மணிக்கு இத்ததான் போடறோம். பொண்ணு இன்னாவோ கெமிக்கல் கீதுன்றா."

2/
மணி அவர் வீட்டு நாய். ஐந்து வயது. கடைக்குக் கீழே படுத்து மீன் தலைக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

போனில் இருந்தது, ஒரு கடையில் வாய் திறந்து வைத்திருக்கும் நாய் உணவு மூட்டையின் போட்டோ. அதிலிருந்துதான் கிலோ கணக்கில் நிறுத்து, கவரில் கட்டி வாங்கி வருகிறார்கள்.

மூட்டையில் அச்சடித்திருந்த பட்டியல்: மக்காச்சோளம், கோதுமை, கோழித் தூள், மீன் தூள்... கடைசியில் வாயில் நுழையாத ஒரு பெயர், எத்தாக்சிக்வின்.

"இதுல எதுக்கும்மா பயப்படற?" என்று கேட்டேன். மகள் கடைசிப் பெயரைத் தொட்டுக் காட்டினாள்.

நான் முதல் பெயரைத் தொட்டுக் காட்டினேன்.

3/
முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவன், கால்நடை மருத்துவர் இல்லை.

ஆனால் அந்தப் பெண்ணின் கேள்விக்கான பதில், கல்லீரல் நோய் பற்றி நாங்கள் படிக்கும் பாடத்தில் இருக்கிறது. அந்தப் பாடத்தில் மனிதர்களும் செத்தார்கள், நாய்களும் செத்தன. அதை அக்காவிடம் மீன் கடையில் நின்றுகொண்டு முழுசாகச் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

4/
முதலில் ஒரு குட்டிக் கதை. நாய்க்கென்று தனியாக உணவு செய்து விற்பது எப்போது ஆரம்பித்தது?

1860 வாக்கில், லண்டனில். ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் வியாபாரத்துக்காக அங்கே போயிருந்தார். துறைமுகத்தில் கப்பல்காரர்கள் தூக்கிப்போட்ட காய்ந்த பிஸ்கட்டை நாய்கள் தின்பதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்ததாகச் சொல்வார்கள். கோதுமை, காய்கறி, மாட்டிறைச்சி கலந்து 'நாய் கேக்' செய்து விற்றார்.

படகும் கரையும் நாயும் இருக்கும் இடத்தில்தான் கதை தொடங்குகிறது. நம்ம மணி மாதிரி ஏதோ ஒரு நாய்தான் அவருடைய முதல் கஸ்டமர்!

5/
இன்று நாம் பார்க்கும் உருண்டை உருண்டையான உலர் உணவு 1950-களில் அமெரிக்காவில் வந்தது. மாவைக் குழைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் துளை வழியாகத் தள்ளி, வெட்டிக் காய வைக்கும் முறை.

இந்த முறைக்கு மாவுச்சத்து கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் உருண்டை நிற்காது. அதனால்தான் பல பிராண்டுகளின் பட்டியலில் மக்காச்சோளமோ கோதுமையோ அரிசியோ முன்வரிசையில் இருக்கும்.

மக்காச்சோளம் விஷமா? இல்லவே இல்லை. பிரச்சினை, அதில் வளரும் ஒரு பூஞ்சை.

6/
வருடம் 1974. ராஜஸ்தானின் பன்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்ச்மகால் பகுதிகளில் பழங்குடி மக்களின் அன்றாடச் சாப்பாடு மக்காச்சோள ரொட்டி. ஏற்கெனவே வறட்சி. அறுவடை நேரத்தில் பருவம் தப்பி மழை வேறு. நனைந்த கதிர்களைச் சரியாகக் காய வைக்கவும் சேமிக்கவும் வசதி இல்லை.

சோளத்தில் பூசணம் பிடித்தது. வேறு வழியில்லாமல் அதையே அரைத்துச் சாப்பிட்டார்கள்.

7/
சில வாரங்களில் கண் மஞ்சளானது. வயிறு நீர் கோத்து வீங்கியது. 200-க்கும் மேற்பட்ட கிராமங்கள். 397 நோயாளிகள். அதில் 106 பேர் இறந்தார்கள்.

சாதாரண மஞ்சள் காமாலை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஒரு விஷயம் உதைத்தது. அதே வீடுகளில் அதே சாப்பாட்டைத் தின்ற நாய்களுக்கும் மஞ்சள் காமாலை, அதே வயிற்று வீக்கம், அதே சாவு.

மனிதருக்கு வரும் வைரஸ் காமாலை நாய்க்கு இப்படிக் கூடவே வராது. அப்படியென்றால் இரண்டு பேருக்கும் பொதுவானது எது? தட்டில் இருந்த சோறு!

8/
ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்தச் சோளத்தைச் சோதித்தார்கள். கிடைத்தது அஃப்ளாடாக்சின். ஒரு கிலோ சோளத்தில் 6.25 முதல் 15.6 மில்லிகிராம் வரை.

இது எவ்வளவு பெரிய அளவு? இன்று அமெரிக்காவில் நாய் உணவுக்கு அனுமதி ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம்தான். அந்த ஏழை மக்கள் சாப்பிட்டது அதைப்போல 300 மடங்குக்கும் மேல்.

9/
அஃப்ளாடாக்சின் பற்றி நான்கு விஷயங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

• ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளாவஸ் போன்ற பூஞ்சைகள் உண்டாக்கும் நஞ்சு. மக்காச்சோளம், நிலக்கடலை, கடலைப் புண்ணாக்கு இதற்குப் பிடித்த இடங்கள்.
• இது உலகுக்குத் தெரிய வந்ததே கால்நடைகளால்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. காரணம், தீவனத்தில் இருந்த நிலக்கடலைப் புண்ணாக்கு.
• நம் வீட்டுச் சமையல் சூட்டில் இது அழியாது. பூசணத்தைத் தட்டிவிட்டாலும், கழுவினாலும், நஞ்சு உள்ளேயே இருக்கும். கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியாது.
• கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் உள்ளே போனால் மனிதருக்குக் கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டு போகும்.

10/
நாயின் கல்லீரல் இந்த நஞ்சுக்கு ரொம்பவே இளகியது. இன்னொரு கஷ்டமும் உண்டு.

நாம் காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி சப்பாத்தி என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறோம். ஒன்றில் கோளாறு இருந்தாலும் பங்கு குறைவு. உலர் உணவு தின்னும் நாய்க்கு மூன்று வேளையும், மாதம் முழுக்க, ஒரே மூட்டைதான். அந்த மூட்டையில் கோளாறு இருந்தால் அத்தனையும் உள்ளே போகும்.

11/
"அது பழைய கதை டாக்டர், இப்போ எல்லாம் பாக்டரி" என்று நினைக்கிறீர்களா?

2005 கடைசியில் அமெரிக்காவில் தென் கரோலினாவில் ஒரு தொழிற்சாலையில் தயாரான நாய் உணவில் அஃப்ளாடாக்சின். 100-க்கும் மேற்பட்ட நாய்கள் செத்தன. 2020 டிசம்பரில் அதே நாட்டில் வேறொரு நிறுவனத்தின் உணவில் மறுபடியும் அதே நஞ்சு, மறுபடியும் 100-க்கும் மேல் சாவு.

காரணம், பட்டியலில் சாதுவாக உட்கார்ந்திருந்த மக்காச்சோளம்.

12/
சரி, அடுத்த கதைக்கு வருவோம். இது கிட்னி கதை.

2004-ல் தாய்லாந்தில் தயாரான பெடிகிரி உலர் உணவைத் தின்ற நாய்களுக்கு ஆசியாவின் பல நாடுகளில் சிறுநீரகம் செயலிழந்தது. உணவைத் திரும்பப் பெற்றார்கள். அப்போது பழி விழுந்தது பூஞ்சை நஞ்சின் மேல்தான்.

மூன்று வருடம் கழித்து, 2007 மார்ச்சில், கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் சுமார் 6 கோடி பாக்கெட், டின் உணவுகளைத் திரும்பப் பெற்றது. இங்கேயும் சிறுநீரகம்தான் போனது. இந்த முறை காரணம் பிடிபட்டது. சீனாவிலிருந்து வந்த 'கோதுமைப் புரதத்தில்' மெலமைன்.

ஆமாம், நம் வீட்டு மெலமைன் தட்டு செய்கிற அதே மெலமைன்.

13/
தட்டு செய்யும் பொருளை உணவில் ஏன் கலக்க வேண்டும்?

1883-ல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வகத்தில், யோஹான் கெல்டால் என்பவர் ஒரு சோதனையைக் கண்டுபிடித்தார். உணவில் நைட்ரஜன் எவ்வளவு என்று அளந்து, அதை 6.25-ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு. இன்றுவரை பாக்கெட்டில் 'கச்சாப் புரதம்' என்று போடும் கணக்கின் அடிப்படை இதுதான்.

அதாவது, சோதனை புரதத்தைப் பார்ப்பதில்லை. நைட்ரஜனைப் பார்க்கிறது.

மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். 100 கிராம் மெலமைன் போட்டால், 400 கிராமுக்கும் மேல் புரதம் இருப்பதாகச் சோதனை சொல்லும். மலிவான மாவு, கணக்கில் விலை உயர்ந்த புரதமாகிவிடும்.

14/
மெலமைன் தனியாக அவ்வளவு கொடிய நஞ்சு இல்லை. ஆனால் அதோடு சயனூரிக் அமிலம் என்ற இன்னொரு பொருளும் சேர்ந்து உள்ளே போனால், இரண்டும் சிறுநீரகக் குழாய்களில் படிகமாகி அடைத்துக்கொள்ளும்.

2007-க்குப் பிறகு, 2004-ல் செத்த நாய்களின் சேமித்து வைத்திருந்த சிறுநீரகத் திசுவை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அதே படிகங்கள்! பூஞ்சை மேல் போட்ட பழி தப்பு. மூன்று வருடம் முன்பே மெலமைன் வந்துவிட்டிருந்தது. யாருக்கும் தெரியவில்லை.

15/
இப்போது மனதைக் கல்லாக்கிக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

2008 செப்டம்பர். சீனாவில் சன்லு உள்ளிட்ட நிறுவனங்களின் குழந்தைப் பால் பவுடரில் மெலமைன். அதே தந்திரம்தான். பாலில் தண்ணீரைக் கலந்துவிட்டு, புரதக் கணக்கைச் சரிக்கட்ட மெலமைன். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். பல குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கல். 6 குழந்தைகள் இறந்தார்கள்.

இந்தியா அந்த மாதமே சீனப் பால் பொருட்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது.

நாய்கள் 2004-ல் சொன்னதை 2004-லேயே சரியாகக் கேட்டிருந்தால்? இந்தக் கேள்வி என்னைப் போன்ற டாக்டர்களை இன்னும் உறுத்துகிறது.

16/
சரி, அந்தப் பெண் பயந்த எத்தாக்சிக்வின்?

மீன் தூளில் எண்ணெய் இருக்கும். அது காற்றுபட்டுச் சிக்கடித்துப்போகும். அதோடு நிற்காமல், குவியலாகக் கப்பலில் போகும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கவும் செய்யும். அதைத் தடுக்கப் போடும் பொருட்களில் ஒன்று இது.

சந்தேகமே இல்லாத பொருளா? அதுவும் இல்லை. அமெரிக்க அரசு 1997-ல் நாய் உணவில் இதன் அளவைப் பாதியாகக் குறைக்கச் சொன்னது. ஐரோப்பா 2017-ல் தீவனங்களில் இதன் அனுமதியை நிறுத்தி வைத்தது. இது இல்லாத பிராண்ட் கிடைத்தால் தாராளமாக அதை வாங்குங்கள்.

ஆனால் மேலே சொன்ன சாவுகள் எதற்கும் காரணம் இது இல்லை. நாய்களைக் கொன்ற அஃப்ளாடாக்சினும் மெலமைனும் எந்த மூட்டையின் பட்டியலிலும் அச்சாகவே இல்லை!

17/
அப்போ பட்டியலைப் படித்து என்ன பயன்?

பட்டியல், கம்பெனி என்ன போட்டது என்று சொல்லும். தெரியாமல் என்ன வந்து சேர்ந்தது என்று சொல்லாது. 'புரதம் 24%' என்பது எண்ணிக்கை, தரம் இல்லை.

அந்த இடத்தில் உங்களுக்கு இருக்கும் ஒரே பிடி, பேட்ச் நம்பர். 2007-லும் 2020-லும் கெட்ட உணவைக் கண்டுபிடித்துத் திரும்ப வாங்க முடிந்தது அந்த நம்பரால்தான். எத்தனையோ நாய்கள் அதனால் பிழைத்தன.

அக்கா வாங்கும் கவரில் இருந்தது ஒரு ரப்பர் பேண்ட் மட்டும்தான்.

18/
இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2006-ல் வந்த நம் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 'உணவு' என்று சொல்வதில் கால்நடைத் தீவனம் சேராது. நாய், பூனை உணவுக்கு ஐ.எஸ். 11968 என்று தனியாக ஒரு இந்தியத் தரநிலை இருக்கிறது. அது பாக்கெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

19/
அக்காவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

• திறந்த மூட்டையிலிருந்து வாங்காதீர்கள். சின்னதாக இருந்தாலும் சீல் வைத்த பாக்கெட். தேதி, பேட்ச் நம்பர் இருக்க வேண்டும்.
• கடலோரக் காற்றில் எப்போதும் ஈரம். பாக்கெட்டோடு அப்படியே இறுக்கமான டப்பாவில் வையுங்கள். தரையில் வைக்க வேண்டாம்.
• தீரும் வரை பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். குறைந்தது பேட்ச் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.
• நமத்துப்போனது, பூசண வாடை அடிப்பது எதுவாக இருந்தாலும் குப்பைக்கு.
• எப்போதும் ஆசையாகத் தின்னும் நாய் திடீரென்று அந்த உணவை மறுத்தால், 'கொழுப்பு' என்று திட்டாதீர்கள். அதுவே முதல் அறிகுறியாக இருக்கலாம்.
• வாந்தி, சோர்வு, கண்ணிலும் ஈறிலும் மஞ்சள், அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது, ரத்தம் கலந்த பேதி: காத்திருக்க வேண்டாம். உணவை நிறுத்தி, பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

20/
எல்லாம் கேட்டுவிட்டு அக்கா ஒன்று கேட்டார்.

"சார், அப்போ பூசணம் புடிச்ச பிரெட்டு, வேர்க்கல்ல எல்லாம்? அத்த நாங்க துண்றதில்ல சார். நாய்க்குத்தானேன்னு போட்டுடுவோம்."

நான் படித்த வீடுகளிலும் இதே பழக்கம்தான். என் வீட்டிலும்தான். நமக்கு ஆகாதது நாய்க்கு ஆகும் என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். மாட்டுக்கும் அப்படியே. பூசணம் பிடித்த தீவனத்தைப் பசு தின்றால் அந்த நஞ்சு உருமாறிப் பாலில் வரும். சுற்றி நம் பிள்ளையின் டம்ளருக்கே வந்து சேரும்.

21/
1974-ல் பன்ஸ்வாடாவில் நாயும் மனிதனும் ஒரே சோளத்தைத் தின்றார்கள். 2004-ல் நாய் தின்றதை 2008-ல் குழந்தைகள் குடித்தார்கள். நாயின் தட்டுக்கும் நம் தட்டுக்கும் நடுவில் நாம் நினைக்கிற அளவுக்குத் தூரம் இல்லை.

அதனால் 'நாய்க்குத்தானே, போடு' என்று கை நீளும்போது ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். குப்பைத் தொட்டி பக்கத்தில்தான் இருக்கிறது.

மணி இப்போது நன்றாக இருக்கிறான். அன்றைக்கு அவனுக்கு என் சங்கராவின் தலை கிடைத்தது. ஃப்ரெஷ் மீன், முள் மட்டும் பார்த்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாய் வளர்க்கும் நண்பர்களுக்கு இதைப் பகிருங்கள்.