வெயில் படாத சாம்பல்

1948 பாரிஸ் கண்காட்சியில் சித்ரோயென் அறிமுகப்படுத்திய 'தெ ஷவோ' கார், பிரான்சில் சுமார் பத்தாண்டுகள் சாம்பல் நிறத்தில் மட்டுமே வந்தது. புதுச்சேரியில் நண்பர் ஒருவர் தம் தகப்பனாரின் வண்டியைப் புதுப்பித்தபோது, உள்தகட்டுக்கு என்ன சாம்பல் என்று என்னைக் கேட்டார். பள்ளி நாட்களில் தினமும் பார்த்த வண்டி அது. நினைவிலிருந்து சொன்னேன், பெயிண்டரும் கலந்துவிட்டார்.

பிறகு கதவின் உள் அட்டையைக் கழற்றினோம். வெயிலே படாத அந்த இடத்தில் சாம்பல் வேறாக இருந்தது. இன்னும் அடர்த்தியாக, சற்றே நீலம் கலந்து. நான் சிறுவயதில் பார்த்ததே வெளுத்துப்போன நிறம்தான்! கலந்த டப்பாவை ஒதுக்கிவிட்டு, பகல் வெளிச்சத்தில் அந்த இடத்தோடு ஒப்பிட்டு மறுபடி கலக்கச் சொன்னோம்.

அரசு அலுவலகத்தில் ஆயுளெல்லாம் அசலோடு நகலை ஒப்பிட்டவன், இதில் நகலையே அசல் என்று சொல்லியிருந்தேன்.