நேட்டால் தமிழர் குடிவழியும் பதிவேட்டுப் பெயர்களும்

நேட்டாலில் குடியேறிய தமிழர் ஒருவரின் குடிவழியை ஆராய்வோர் முதலில் நாடுவது பெயரையே. ஆயின் அவ்வாய்வில் உறுதி குறைந்த சான்றும் பெயரேயாகும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது. அது முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளராக அங்குச் சென்றனர். அவருள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் வழங்கப்பெற்றது. கப்பற் பட்டியல்களில் அவ்வெண்ணுடன் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், அங்க அடையாளம் முதலியன இடம்பெற்றன. இவற்றுள் எழுத்தரின் செவிக்கேற்பத் திரியாதது எண் ஒன்றே.

அடுத்த தலைமுறையில் சிக்கல் மிகுகிறது. தந்தை பெயரை முன்னிறுத்தும் தமிழ் மரபும், குடும்பப் பெயர் கோரும் ஆங்கில நிருவாக முறையும் அங்கு மோதின. முதல் குடியேறியின் இயற்பெயரே பல குடும்பங்களில் குடும்பப் பெயராக நிலைத்தது. வேறு சிலவற்றில் சாதிப்பட்டம் அவ்விடத்தைப் பெற்றது. முதலி என்பது 'மூட்லி' ஆனதும் இவ்வாறே. ஆதலின் உடன்பிறந்தோர் இருவர் வெவ்வேறு குடும்பப் பெயருடன் காணப்படுதலும் உண்டு.

இந்நிலையில் கைகொடுப்பவை திருமணப் பதிவுகள். குடியேறியோர் பாதுகாவலர் அலுவலகத்தில் மணங்களைப் பதியும் முறையை 1891ஆம் ஆண்டின் 25ஆம் எண் சட்டம் வகுத்தது. மணமக்கள் இருவரின் எண்ணும் ஒருங்கே கிடைப்பின் இரு கப்பற் பட்டியல்கள் ஒரு குடும்பத்தில் வந்து இணைகின்றன. எனினும் பதிவு நாளை மணநாளாகக் கொள்ளலாகாது. 1913இல் நீதிபதி சேர்ல் வழங்கிய தீர்ப்பு, பலதார மணத்திற்கு இடந்தரும் சமயங்களின்படி நிகழ்ந்த மணங்களுக்குச் சட்ட ஏற்பில்லை என்றது. மனைவியரின் உரிமையும் மக்களின் வாரிசுரிமையும் ஐயத்துக்குள்ளாயின. சத்தியாக்கிரகத்தில் பெண்கள் பங்கேற்றமைக்கு இதுவும் ஒரு காரணம். 1914ஆம் ஆண்டின் இந்தியர் குறைதீர்ப்புச் சட்டம் ஒருதார மணங்கள் ஏற்புப் பெற வழிசெய்தது. எனவே நெடுநாள் இல்லறம் நடத்திய இணையர் புதிதாகப் பதிந்துகொண்ட நிலையும் ஏற்படக்கூடியதே.

மக்கட்கணக்கெடுப்பு இத்துணைப் பயன் தருவதன்று. நேட்டாலில் 1904இல் இந்தியர் 1,00,918 பேர், வெள்ளையர் 97,109 பேர் என அது கூறும்; அச்சிட்ட தொகுதிகளில் ஆட்பெயர் இராது. ஆயினும் 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையொட்டிச் சென்னை மாநிலத்தில் வெளிவந்த மாவட்டக் கையேடுகளின் ஊர்ப் பட்டியல், கப்பலேட்டில் சிதைந்த ஊர்ப்பெயரை மீட்க உதவும். புதூர், நல்லூர் போன்றவை பல வட்டங்களில் உள்ளமையின் வட்டப் பெயரின்றி முடிவு கூறல் இயலாது.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது ஒன்றுண்டு. உரோமன் எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாயின. குறில் நெடில் வேறுபாடு மறைந்தது. மாரியம்மாளும் மரியம்மாளும் ஏட்டில் ஒரே வடிவினர். ஒருத்தி அம்மன் பெயர் பூண்டவள், மற்றொருத்தி கிறித்தவள். ஓர் எழுத்தின் மாத்திரையில் சமயமே மாறிவிடுகிறது! தமிழில் பெயர்ப்பவர் பழக்கத்தால் மாரியம்மாள் என்றெழுதினால், அக்குடும்பத்தைத் தேடுவோர் தேவாலயத் திருமண ஏட்டைத் திறவாமலே போவர். அவள் எண்ணைக் கொண்டு கப்பற் பட்டியலை நோக்குக: தந்தை சவரிமுத்துவாயின் மரியம்மாள், முனியனாயின் பெரும்பாலும் மாரியம்மாள். தந்தை பெயரும் தெளிவு தாராவிடத்து இரு வடிவங்களையும் அருகருகே தந்து, எண்ணையும் உடன் குறித்தல் வேண்டும்.