ஹந்தானை அடிவாரத்தில் ஒரு களரி: பேராதனை மாணவர் வாழ்வும் நாட்டுக்கூத்தின் மறுவருகையும்

1956 நவம்பர் 3ஆம் நாள் கொழும்பு லயனல் வெண்ட் அரங்கில் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' என்ற சிங்கள நாடகம் மேடையேறியது. பேராதனைத் தமிழ் மாணவர்கள் காலில் சதங்கை கட்டிக் 'கர்ணன் போர்' கூத்தை ஆடியது 1962இல். ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்து, முன்னதன் தூண்டுதலால் பின்னது பிறந்தது என்று கூறி நகர்ந்துவிடுகின்றனர். தூண்டுதல் இருந்தது உண்மை. இடையில் கழிந்த ஆறு ஆண்டுகளுக்கு அந்த விளக்கத்தில் இடமில்லை. தமிழ்ப் பக்கத்தில் முயற்சி இல்லாமலும் இல்லை. இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குப் பொறுப்பேற்ற, பேராதனையில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன் 1950களின் பிற்பகுதியிலேயே ஊர்களில் கூத்து விழாக்களை நடத்தத் தொடங்கிவிட்டார். பிறகு எதற்காகப் பல்கலைக்கழகம் காத்திருந்தது? விடை நாடகக் கொள்கையில் இல்லை, மாணவர் சேர்க்கைப் பட்டியலில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இலங்கையில் உயர்கல்வி நெடுங்காலம் இலண்டன் பல்கலைக்கழகத் தேர்வுகளின் நிழலில் நடந்தது. சொந்தப் பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906 முதல் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் குரல் கொடுத்தனர். கிடைத்ததோ 1921இல் கொழும்பில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி. அங்கும் மாணவர் எழுதியது இலண்டன் தேர்வைத்தான். அதன்பின் பல்கலைக்கழகத்தைக் கொழும்பில் அமைப்பதா, கண்டிப் பக்கம் அமைப்பதா என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 1942 ஜூலையில் மருத்துவக் கல்லூரியும் பல்கலைக்கழகக் கல்லூரியும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது, அதன் முதல் துணைவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ் பேராதனையைக் கண்முன் வைத்தே திட்டமிட்டார்.

ஜெனிங்ஸ் அரசியலமைப்புச் சட்ட அறிஞர், கேம்பிரிட்ஜில் படித்தவர். மாணவர் வீட்டிலிருந்து விலகி, ஆசிரியரோடும் பிற இனத்து மாணவரோடும் ஒரே வளாகத்தில் வாழ வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். பேட்ரிக் அபர்குரோம்பியும் கிளிஃபோர்ட் ஹொலிடேயும் வரைந்த அமைப்புத் திட்டத்துக்கு ஷேர்லி டி அல்விஸ் கட்டட வடிவம் கொடுத்தார். 1952இல் பெரிய இடப்பெயர்வு நடந்தது. 1954இல் எலிசபெத் அரசியார் வந்திருந்தபோது முறைப்படியான திறப்பு விழா. மகாவலிக் கரையில், ஹந்தானை மலையடியில் ஜயதிலக, அருணாசலம், இராமநாதன், மார்ஸ் என்று ஆண்கள் விடுதிகளும், சங்கமித்தா, ஹில்டா ஒபேசேகர என்று பெண்கள் விடுதிகளும் எழுந்தன. வார்டன், துணை வார்டன், கூடியுண்ணும் மண்டபம், விளையாட்டுத் திடல், சங்கங்கள் என்று மாணவருடைய நாள் முழுவதும் வளாகத்துக்குள்ளேயே கழியும்படி ஏற்பாடு. ஆங்கிலம் பேசும் ஒரு சிறு ஆளும் வர்க்கத்தைப் பண்படுத்தி அனுப்பும் இடமாக அதை எண்ணியிருந்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது. விடுதிகளின் பெயர்ப்பட்டியலே அந்த வர்க்கத்தின் வம்சாவளிபோல ஒலிக்கிறது.

அந்தக் காலத் தமிழ் மாணவர் பெரும்பாலும் யாழ்ப்பாணம், கொழும்பு ஆகிய ஊர்களின் ஆங்கிலக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய நாடக வாழ்வு வெறுமையாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1943இல் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்த சுவாமி விபுலாநந்தர் 'மதங்க சூளாமணி' எழுதிய நாடக ஆய்வாளர். 1947இல் அவர் மறைந்தபின் பொறுப்பேற்ற க. கணபதிப்பிள்ளை அதற்கு முன்பே மாணவர்களைக் கொண்டு தம் நாடகங்களை மேடையேற்றி வந்தவர். 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்' போன்றவற்றில் யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழ் தயக்கமின்றி மேடைக்கு வந்தது. செந்தமிழ் வசனமே நாடகம் என்றிருந்த காலத்தில் இது துணிச்சல்தான். எனினும் கணபதிப்பிள்ளை கிராமத்திலிருந்து எடுத்தது மொழியை மட்டும். திரை, காட்சி, அங்கம் எல்லாம் மேலைநாட்டு முறையில் நின்றன. கூத்தின் மத்தளமும் சல்லரியும் அந்த மேடைக்கு அருகில் வரவில்லை.

வராததற்குக் காரணம் உண்டு. கூத்து அன்று படித்தவர் பார்க்கும் கலையாக இருக்கவில்லை. மட்டக்களப்பிலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத்தின் சில ஊர்களிலும் உழவரும் மீனவரும் விடிய விடிய ஆடிய கலை அது. பல ஊர்களில் சாதிப்படியில் தாழ்த்தி வைக்கப்பட்டவர்களே அதைப் பேணினார்கள். ஆங்கிலக் கல்லூரிப் பிள்ளை கூத்தாடுவது வீட்டுக்கு இழுக்கு. 'கூத்தாடி' என்பது ஏச்சுச் சொல்லாக இருந்த சமூகம் அது.

இந்த இடத்தில்தான் இரண்டு அரசுக் கொள்கைகளைக் கவனிக்க வேண்டும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரவின் முயற்சியால் 1945இல் கல்வி பல்கலைக்கழகம்வரை இலவசமானது. மத்திய கல்லூரிகள் நாட்டுப்புறங்களில் பரவின. பள்ளியில் தாய்மொழி போதனாமொழியாகப் படிப்படியாக மேலேறி, 1960ஐ ஒட்டிக் கலைப்பீடத்தின் வாசலை அடைந்தது. சிங்களத்திலும் தமிழிலும் படித்த மாணவர் அந்த மொழிகளிலேயே பட்டம் பெறலாம் என்றானதும் மாணவர் தொகை விரைவாகப் பெருகியது. வந்தவர்களின் ஊர்களும் மாறின. மட்டக்களப்புக் கிராமத்துப் பிள்ளைகள் பேராதனை விடுதிகளில் தங்கத் தொடங்கியது இந்த அலையில்தான். அவர்களிற் சிலருக்குக் கூத்து ஆய்வுப் பொருளாக அறிமுகமானதில்லை. சிறு வயது முதல் கூத்தாடும் களரியின் ஓரத்தில் உறங்கி விழித்து, தாளக்கட்டைக் காதில் ஏற்றிக்கொண்டவர்கள் அவர்கள். அமிர்தகழியைச் சேர்ந்த சி. மௌனகுரு இந்தத் தலைமுறையின் மாணவர்.

வித்தியானந்தனுக்கு அதுவரை இல்லாத ஆட்கள் இப்போது கிடைத்தனர். மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து கூத்து ஆசானான செல்லையா அண்ணாவியாரை அழைத்து வந்து மாணவர்க்குப் பழக்கினார். இந்த ஏற்பாட்டை வரலாற்றாசிரியர் போதிய அளவு வியக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஜெனிங்ஸின் வளாகத்தில், பட்டமில்லாத ஒரு கிராமத்து ஆசான் ஆசானாகவே வந்து நிற்கிறார். பட்டப்படிப்பு மாணவர் அவருடைய சொற்கட்டுக்குக் காலடி வைக்கின்றனர். வரவு ஆட்டம் ஒன்றைச் சீராகக் கற்கவே நாட்கள் பிடிக்கும். மாலையில் வீடு திரும்பும் மாணவரைக் கொண்டு இதைச் செய்ய முடியாது. இரவுணவுக்குப் பின்னும் ஒரே இடத்தில் இருக்கக்கூடிய இளைஞர் கூட்டம் வேண்டும். அதைத் தந்தது, முற்றிலும் வேறு நோக்கத்துக்காகக் கட்டப்பட்ட விடுதி வாழ்க்கை.

கூத்தின் இரு ஆட்ட மரபுகளில் வடமோடியில் 'கர்ணன் போர்', அடுத்துத் தென்மோடியில் 'நொண்டி நாடகம்', பிறகு மௌனகுரு எழுத்தில் 'இராவணேசன்', தசாப்தத்தின் இறுதியை நோக்கி 'வாலிவதை' என்று வரிசை நீண்டது. முதலிரண்டும் மரபுக் கூத்தைச் சுருக்கியவை. விடியும்வரை நீளும் ஆட்டம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கியது. திரும்பத் திரும்ப வரும் பாடல்கள் வெட்டப்பட்டன. நாற்புறமும் சனம் சூழும் வட்டக்களரி, ஒருபுறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையானது. 'இராவணேசன்' வேறு வகை. அது புதிதாக எழுதப்பட்ட பிரதி. அழியப்போவதை அறிந்தும் போருக்குப் போகிற ஒருவனின் மனப்போராட்டத்தை ஆட்டத்தில் காட்ட முனைந்தது. இராவணனாக ஆடியவரும் மௌனகுருவே. கூத்தைப் பாதுகாப்பதிலிருந்து கூத்தைக் கொண்டு புதிதாகப் பேசுவதற்கு மாணவர் நகர்ந்த புள்ளி இதுதான். இந்த நான்கில் எனக்கு முதன்மையாகப் படுவதும் இதுவே.

சிங்கள மாணவருடனான உறவு இக்கதையில் நுட்பமானது. 'மனமே' எடுத்தாண்ட 'நாடகம' என்ற சிங்கள அரங்க வடிவமே தமிழ்க் கூத்து வழியில் வந்தது. சரச்சந்திர தம் ஆய்வில் இதை மறைக்கவில்லை. ஆக, தமிழ் வேரிலிருந்து கிளைத்த ஒன்றைச் சிங்கள மாணவர் தேசியக் கலையாகக் கொண்டாடும்போது, வேரை வைத்திருந்தவர்கள் அதைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 1956இன் தனிச்சிங்களச் சட்டமும் 1958இன் வன்செயல்களும் கடந்தபின் அந்த வெட்கம் நீடிக்கவில்லை. நமக்கென்று ஓர் அரங்க மரபு உண்டு என்று காட்டும் தேவை படித்த தமிழருக்கு எழுந்தது. ஒரே வளாகத்தில் இரு இனத்தாரும் கலந்து வாழ்வர் என்ற ஜெனிங்ஸின் கனவு, கலப்பைவிடப் பக்கத்துப் பக்கத்தில் நின்று தன்னை அடையாளங்காணும் நிலையையே கூடுதலாகத் தந்தது. ஆனால் அந்தப் பக்கத்துநிலை இல்லாமல் 'கர்ணன் போர்' இல்லை.

மாணவர் வாழ்வின் மறுபக்கம் அவ்வளவு ஒளியுடையதன்று. தாய்மொழியில் கலைப்பட்டம் பெற்றோர் தொகை கூடிய வேகத்தில் அரசு வேலைகள் கூடவில்லை. 1960களின் இறுதியில் வேலையற்ற பட்டதாரி என்பவர் நாடறிந்த பாத்திரமானார். 1971 ஏப்ரல் இளைஞர் கிளர்ச்சியில் அந்த வெப்பம் வெடித்தது. அதே ஆண்டுகளில் பல்கலைக்கழக அனுமதியில் புகுந்த தரப்படுத்தல் முறை, தமிழ் மாணவரின் நுழைவைக் குறிப்பாக மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் இறுக்கியது. 1974 அக்டோபரில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டதும் பேராதனையின் தமிழ்ப் பலம் வடக்கே நகரலாயிற்று. வளாகத் தலைவராகக் க. கைலாசபதி முதலில் போனார். பின்னர் அது தனிப் பல்கலைக்கழகமானபோது வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார்.

கூத்து ஆடிய மாணவர் பலர் ஆசிரியராகப் போயினர். பள்ளிக்கூடங்களுக்குக் கூத்து சென்றதில் அவர்களுக்குப் பங்குண்டு. அரசியல் மேடைக்கும் அது போனது. சாதிக்கு எதிரான போராட்டங்கள் உச்சத்திலிருந்த 1969இல் மௌனகுருவின் 'சங்காரம்' கூத்தாட்டத்தை வர்க்கப் பேச்சுக்குத் திருப்பியது; கோயில் நுழைவைப் பேசிய 'கந்தன் கருணை'யும் அதே ஆண்டின் ஆக்கம்.

பேராதனை முறைக்கு எதிர்ப்பும் உண்டு. படச்சட்ட மேடைக்காக வெட்டிச் சுருக்கியதில் கூத்து தன் சமூகத்தை இழந்து நகரத்தார் பார்க்கும் காட்சியாகிவிட்டது என்பது அதன் சாரம். சி. ஜெயசங்கர் சீலாமுனையில், ஊராரே தம் களரியில் தம் கூத்தை விவாதித்துத் திருத்திக்கொள்ளும் மீளுருவாக்க முறையை முன்வைத்தார். இந்த வாதத்தில் வலுவுண்டு. ஆயினும் 1962இல் மாணவர் சதங்கை கட்டியிராவிட்டால் கூத்தைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் வாதிடவே ஆளிருந்திருக்குமா என்பது ஐயம். இந்த வாதம் பெருமளவு நடந்த கிழக்குப் பல்கலைக்கழகம் நிற்பது செல்லையா அண்ணாவியாரின் வந்தாறுமூலையில். 1981இல் அங்கே தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து வளர்ந்த அந்நிறுவனத்தில் மௌனகுரு நுண்கலைத் துறையை வழிநடத்தினார். 'இராவணேசன்' 2000க்குப் பின் இன்னொரு தலைமுறை மாணவரைக் கொண்டு மீண்டும் மேடையேறியது.