லத்தீனோ வாக்குகளும் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் தேர்வும்

அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒரு கட்சியின் அதிபர் வேட்பாளரும் துணை அதிபர் வேட்பாளரும் இணையாகவே களமிறங்குவதால், வாக்காளர் இருவரையும் சேர்த்தே ஏற்கவோ மறுக்கவோ முடியும். ஆகவே அதிபர் வேட்பாளருக்குச் செல்வாக்குக் குறைந்த பகுதியிலிருந்தோ சமூகத்திலிருந்தோ ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்வது அந்நாட்டுக் கட்சிகளின் நெடுங்கால வழக்கமாகும். லத்தீன் அமெரிக்க நாடுகளைப் பூர்விகமாகக் கொண்ட லத்தீனோ மக்களின் வாக்குகளைக் கருதி இத்தேர்வைச் செய்யும் எண்ணம் 1960ஆம் ஆண்டுத் தேர்தலில் வித்திடப்பட்டு, 1984இல் வெளிப்படையாயிற்று.

1787இல் வரையப்பட்ட அரசியலமைப்பின்படி, அதிபர் தேர்தலில் இரண்டாம் இடம் பெற்றவரே துணை அதிபரானார். 1804இல் நடைமுறைக்கு வந்த பன்னிரண்டாம் திருத்தம், அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர்கள் இரு பதவிகளுக்கும் தனித்தனியே வாக்களிக்க வகைசெய்ததோடு, ஒரு தேர்வாளர் தம் மாநிலத்தவர் இருவருக்கு அவ்விரு வாக்குகளையும் அளிக்கக் கூடாது என்று முன்பே இருந்த தடையையும் தக்கவைத்தது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் துணை அதிபர் வேட்பாளரைக் கட்சி மாநாட்டின் தலைவர்களே தீர்மானித்தனர். வடக்கிற்குத் தெற்கு, கிழக்கிற்கு மேற்கு என்று ஈடுகட்டுவதே அவர்களது கணக்காக இருந்தது. 1940இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், ஹென்றி வாலஸைத் தவிர வேறெவரையும் ஏற்க மறுத்து மாநாட்டைப் பணியவைத்தபின், அந்த உரிமை படிப்படியாக அதிபர் வேட்பாளரின் கைக்கு வந்தது. 1956இல் அட்லாய் ஸ்டீவன்சன் அதனை மீண்டும் மாநாட்டிடமே விட்டபோது, எஸ்டஸ் கெஃபாவரிடம் தோற்றவர் இளம் செனட் உறுப்பினரான ஜான் கென்னடி ஆவார்.

லத்தீனோ மக்கள் ஒரே சமூகத்தினர் அல்லர். 1848இல் மெக்சிகோவுடன் செய்த குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையால் தென்மேற்கு நிலப்பரப்பு அமெரிக்காவிடம் சென்றபோது, எல்லை தங்களைக் கடந்து சென்றதால் அமெரிக்கரானவர்களும், பின்னர் குடியேறியவர்களுமாக மெக்சிக வழியினரே இவர்களில் பெரும்பான்மையினர். பியூர்ட்டோ ரிக்கோ தீவினர் 1917இல் குடியுரிமை பெற்றவர்கள். தீவில் வாழும்வரை அதிபர் தேர்தலில் வாக்களிக்க இயலாத இவர்கள், நியூயார்க்கிலோ ஃபுளோரிடாவிலோ குடியேறினால் வாக்குரிமை பெறுகின்றனர். 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் ஃபுளோரிடாவில் குடியேறிய கியூபர்கள் பொதுவுடைமை எதிர்ப்பினால் குடியரசுக் கட்சியின் பக்கம் சாய்ந்தனர். ஸ்பானிய மொழி வழியினர் அனைவரையும் ஒரே தொகுதியாகக் கொண்டு புள்ளிவிவரம் திரட்ட 1976இல் சட்டம் இயற்றப்பட்டது. 1980ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எல்லாக் குடும்பங்களிடமும் இதுபற்றிய கேள்வி கேட்கப்பட்டது. 2020 கணக்கெடுப்பில் இவர்களின் தொகை 6.2 கோடியாக, நாட்டின் மக்கள்தொகையில் 18.7 விழுக்காடாக இருந்தது. இத்தனை வேறுபட்டோரை ஒற்றை வாக்கு வங்கியாகக் கருதியதே பிற்காலக் கணக்குகள் பல பிசகியதற்கு முதற்காரணம் எனலாம்.

1960இல் கென்னடி, டெக்சஸ் மாநிலத்துச் செனட் உறுப்பினரான லிண்டன் ஜான்சனைத் துணைக்கு அழைத்தது தென்மாநில வெள்ளையரைத் தக்கவைப்பதற்காகவே என்றாலும், மெக்சிக அமெரிக்கரிடையே ஜான்சனுக்குத் தனி மதிப்பு இருந்தது. கல்லூரி மாணவராக இருந்தபோதே, 1928இல், கொட்டூலா என்னும் சிற்றூரில் மெக்சிகக் குழந்தைகள் பயின்ற பள்ளியில் அவர் ஆசிரியராகப் பணியாற்றியிருந்தார். பிலிப்பைன்ஸ் போர்க்களத்தில் மாண்ட ஃபீலிக்ஸ் லோங்கோரியா என்ற வீரரின் உடலுக்கு, வெள்ளையர் எதிர்ப்பர் என்று காரணம் காட்டி, அவரது சொந்த ஊரில் இறுதிச் சடங்கு மண்டபம் மறுக்கப்பட்டது. மருத்துவரும் மெக்சிக அமெரிக்கப் படைவீரர் அமைப்பின் நிறுவனருமான ஹெக்டர் கார்சியா அதுகுறித்து முறையிட, 1949 பிப்ரவரியில் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அவ்வீரரை முழு இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தவர் ஜான்சனே. அதே கார்சியா 1960இல் 'விவா கென்னடி' மன்றங்களின் முன்னணித் தலைவராக விளங்கினார். வாக்களிக்க 1.50 முதல் 1.75 டாலர் வரை தலைவரி செலுத்த வேண்டியிருந்த டெக்சஸில், அன்றாடக் கூலியை நம்பி வாழ்ந்தோரையும் வாக்குச்சாவடிக்கு அழைத்துவந்தவை இம்மன்றங்கள். ஜாக்குலின் கென்னடி ஸ்பானிய மொழியில் பேசிய ஒரு நிமிட விளம்பரம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. கென்னடி டெக்சஸை வென்ற வித்தியாசம் சுமார் 46,000 வாக்குகளே. அவ்வெற்றியை ஜான்சனின் கணக்கில் மட்டும் எழுதுவது மரபாக இருப்பினும், மன்றத் தொண்டர்களின் உழைப்பின்றி அது கிட்டியிராது என்பதே சரியான மதிப்பீடு.

1984இல் ஜனநாயகக் கட்சியின் வால்டர் மொண்டேல், சான் அன்டோனியோ நகர மேயரான ஹென்றி சிஸ்னெரோஸை மின்னசோட்டாவிலுள்ள தம் இல்லத்துக்கு அழைத்து நேர்காணல் செய்தார். 1842க்குப் பின் அந்நகருக்கு வாய்த்த முதல் மெக்சிக அமெரிக்க மேயரான சிஸ்னெரோஸுக்கு அப்போது வயது 37. பெரிய கட்சியொன்றின் துணை அதிபர் பட்டியலில் ஒரு லத்தீனோ மெய்யாகவே இடம்பெற்றது அதுவே முதன்முறை. எனினும் மொண்டேல், ஜெரால்டின் ஃபெராரோவைத் தேர்ந்து, பெரிய கட்சியொன்று அப்பதவிக்கு நிறுத்திய முதல் பெண் என்ற சிறப்பை அவருக்கு அளித்தார். 1988இல் அக்கட்சியின் அதிபர் வேட்பாளரும் ஸ்பானிய மொழி பேசியவருமான மைக்கேல் டுக்காக்கிஸ், மெக்சிக எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் பிறந்து அம்மொழியை அறிந்திருந்த டெக்சஸ் செனட் உறுப்பினர் லாயிட் பென்ட்சனைச் சேர்த்துக்கொண்டார். டெக்சஸ் அவ்விருவரையும் கைவிட்டது. ஆனால் அதே நாளில் பென்ட்சனைச் செனட்டுக்கு மீண்டும் அனுப்பியது.

அதன்பின் வந்த தேர்தல்களில் லத்தீனோ தலைவர்களின் பெயர்களைப் பரிசீலனைப் பட்டியலில் சேர்ப்பதும், இறுதியில் வேறொருவரை அறிவிப்பதும் வாடிக்கையாயின. 2004இல் நியூ மெக்சிகோ ஆளுநர் பில் ரிச்சர்ட்சன் பரிசீலனையிலிருந்து தாமே விலகிக்கொண்டார். 2012இல் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி, ஃபுளோரிடாவின் செனட் உறுப்பினர் மார்கோ ரூபியோ பரிசீலனையில் இருப்பதாக வெளிப்படையாகக் கூறிவிட்டுப் பால் ரையனைத் தேர்ந்தார்; லத்தீனோ வாக்குகளில் அவருக்குக் கிடைத்தது 27 விழுக்காடு. 2016இல் ஹிலாரி கிளின்டன், லத்தீனோ தலைவர்களான ஹூலியன் காஸ்ட்ரோ, டாம் பெரெஸ் ஆகிய இருவரையும் ஆராய்ந்தபின், இளமையில் ஹோண்டுராஸில் இயேசு சபையினருடன் பணியாற்றி ஸ்பானியம் கற்ற டிம் கெய்னை நிறுத்தினார். மயாமியில் நடந்த முதல் கூட்டத்திலேயே கெய்ன் அம்மொழியில் பேசினார். மொழியறிவு பாராட்டத்தக்கதே, ஆயினும் அச்சமூகத்திலிருந்தே தகுதி வாய்ந்தோர் இருக்க, அம்மொழி பேசும் பிறரை நிறுத்தியது பிரதிநிதித்துவம் ஆகாது. வாக்களித்து வெளிவருவோரிடம் எடுக்கப்பட்ட கணிப்பின்படி கிளின்டன் பெற்ற 66 விழுக்காடு, ஒபாமா 2012இல் பெற்ற 71 விழுக்காட்டைவிடக் குறைவாகும்.

துணை அதிபர் வேட்பாளரின் பிறப்பும் மொழியும் வாக்குகளை நேரடியாகப் பெற்றுத் தருவதில்லை. அத்தேர்வு அதிபர் வேட்பாளரின் தெளிவையும் பொறுப்பையும் மக்கள் எடைபோடுவதற்கே பெரிதும் பயன்படுகிறது என்று கிறிஸ்டோபர் டிவைன், கைல் கோப்கோ என்னும் அரசறிவியலாளர்களின் ஆய்வுகள் காட்டுகின்றன. டெக்சஸ் ஆளுநராக இருந்தபோதே லத்தீனோ மக்களிடம் நேரடித் தொடர்பு வைத்திருந்த ஜார்ஜ் புஷ், வயோமிங்கைச் சேர்ந்த டிக் செய்னியைத் துணைக்கு வைத்துக்கொண்டே 2004இல் அவர்களிடம் சுமார் 40 விழுக்காடு பெற்றது இதற்குச் சான்று. சிறு கட்சிகளின் நிலை வேறு: வெனிசுவேலா வழியினரான பீட்டர் கமேஹோ 2004இல் ரால்ஃப் நேடருடனும், பியூர்ட்டோ ரிக்கோ வழியினரான ரோசா கிளெமென்டே 2008இல் பசுமைக் கட்சி சார்பிலும் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டனர்.

2020இல் நெவாடாவின் லத்தீனோ செனட் உறுப்பினர் கேத்தரின் கோர்ட்டெஸ் மாஸ்டோ பரிசீலனையிலிருந்து விலகிக்கொள்ள, சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகளான கமலா ஹாரிஸைப் பைடன் தேர்ந்தார். 2024இல் டிரம்ப்பின் பட்டியலில் இருந்த ரூபியோ, அவரைப் போலவே ஃபுளோரிடாவாசி என்பதால் பன்னிரண்டாம் திருத்தத்தின் தடையும் பேசப்பட்டது; தேர்வு பெற்றவர் ஜே. டி. வான்ஸ். அத்தேர்தலில் டிரம்ப் லத்தீனோ வாக்குகளில் ஏறத்தாழ 46 விழுக்காடு பெற்றார். ரூபியோ 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சரானார். இரு பெரும் கட்சிகளும் துணை அதிபர் பதவிக்கு ஒரு லத்தீனோவை இதுவரை நிறுத்தியதில்லை.